வைட்டமின் ஈ மாத்திரை கேட்பவர்களுக்கு: முதலில் தட்டில் பருப்பு இருக்கிறதா பாருங்கள்

யாங்கோனில் அனோரத்தா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் என் மருந்துக்கடை இருக்கிறது. காளியம்மன் கோயிலுக்கு வருகிற நம்மாட்களில் பாதிப்பேர் போகிற போக்கில் கடையிலும் எட்டிப் பார்ப்பார்கள். காய்ச்சல் மாத்திரை, சர்க்கரை மாத்திரைக்கு அடுத்தபடியாக அவர்கள் கேட்பது வைட்டமின் ஈ. முடி கொட்டுகிறது, முகம் வறண்டுவிட்டது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, எழுந்து நின்றால் அசதி. எதுவானாலும் "அந்த எண்ணெய் மாத்திரை ஒரு அட்டை குடு தம்பி" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி சாப்பிட்டாளாம், பளபளவென்று ஆகிவிட்டாளாம்.

விற்றால் எனக்குக் காசுதான். ஆனாலும் அட்டையை எடுக்கும் முன்னால், நேற்று மூன்று வேளையும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுவிடுவேன். வயதானவர்களிடம் இந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"காலையில கஞ்சி, ஊறுகா. மத்தியானம் சோறு, ரசம், கொஞ்சம் கீரை. ராத்திரி அதே சோறு. நடுவுல டீ, பிஸ்கோத்து."

"பருப்பு?"

"வாயுத் தொல்லப்பா."

"மீன், முட்டை?"

"விரதம்." இல்லாவிட்டால், "நான் ஒருத்திதானே, எனக்காக யாரு சமைக்கிறது?"

இப்படிச் சாப்பிடுகிற உடம்பில் வைட்டமின் ஈ-யைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போவதில் சிக்கல் இருக்கிறது. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் தட்டை எப்படிக் கணக்குப் போடுவது, விரத நாளில் என்ன செய்வது, மாத்திரை வேண்டும்தான் என்றால் எப்படி வாங்கிச் சாப்பிடுவது என்று பார்ப்போம்.

தனியாகப் போகத் தெரியாத வைட்டமின்

வைட்டமின் ஈ எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. இரத்தத்தில் பெரும்பங்கு தண்ணீர். அதனால் யாராவது சுமந்துகொண்டு போனால்தான் அது நகரும். வைட்டமின் ஏ-க்கும் டி-க்கும் இரத்தத்தில் தனித்தனியாகச் சுமக்கும் புரதங்கள் உண்டு. ஈ-க்கு அப்படித் தனி ஆள் கிடையாது. கொழுப்பைச் சுமந்துகொண்டு ஓடுகிற லைப்போபுரதத் துகள்களில் அதுவும் ஏறிக்கொள்கிறது. நாம் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்க்கிற எல்டிஎல், எச்டிஎல் எல்லாம் இந்தத் துகள்கள்தான். பேரிலேயே புரதம் இருக்கிறது. புரதம் இல்லாமல் அந்தத் துகள் உருவாகாது. பன்சோடான் படகுத்துறையில் மூட்டை மலைபோல் கிடந்தாலும் படகு இல்லையென்றால் ஒரு மூட்டைகூட அக்கரை டலாவுக்குப் போகாது. வைட்டமின் ஈ மூட்டை, புரதம் படகு.

வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கடலை எண்ணெயிலோ மாத்திரையிலோ இருக்கும் வைட்டமின் ஈ சிறுகுடலுக்கு வருகிறது. பித்தநீரும் கணையத்தின் நொதிகளும் அதைப் பொடித்துக் கரைத்துக் குடல் சுவருக்குள் தள்ளுகின்றன. நொதி என்பதும் புரதம்தான். குடல் சுவரின் செல்கள் அதைக் கொழுப்போடு சேர்த்துக் கைலோமைக்ரான் என்கிற பெரிய துகளாகக் கட்டுகின்றன. அப்படிக் கட்டுவதற்கு அப்போ-பி 48 என்ற புரதம் வேண்டும். அந்தத் துகள் நிணநீர் வழியாக இரத்தத்துக்கு வந்து, போகிற வழியில் கொழுப்பை இறக்கிவிட்டு, மிச்சத்தோடு கல்லீரலுக்குப் போகிறது.

முக்கியமான வேலை நடப்பது கல்லீரலில்தான். இயற்கையில் வைட்டமின் ஈ எட்டு வடிவங்களில் இருக்கிறது: நான்கு டோக்கோஃபெரால், நான்கு டோக்கோட்ரையீனால். கல்லீரலில் ஆல்ஃபா-டோக்கோஃபெரால் கடத்துப் புரதம் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வந்த சரக்கில் ஆல்ஃபா-டோக்கோஃபெராலை மட்டும் பொறுக்கி எடுப்பது அதன் வேலை. மற்ற வடிவங்களில் பெரும்பாலானவை சிதைக்கப்பட்டு வெளியேறிவிடும். பொறுக்கி எடுத்தது விஎல்டிஎல் என்ற துகளில் ஏறி மறுபடி இரத்தத்துக்குப் போகிறது. அந்தத் துகளைக் கட்ட அப்போ-பி 100 என்ற இன்னொரு புரதம். அதிலிருந்து எல்டிஎல், எச்டிஎல் வழியாக நரம்பு, தசை, சிவப்பணு என்று உடம்பெங்கும் போகிறது.

ஆக, குடலில் நொதி, குடல் சுவரில் அப்போ-பி, கல்லீரலில் கடத்துப் புரதம், அதற்கப்புறம் மறுபடி அப்போ-பி. எல்லாமே தினமும் உடைந்து தினமும் புதிதாகக் கட்டப்படுகிறவை. கட்டுவதற்கான அமினோ அமிலங்கள் நாம் சாப்பிடுகிற பருப்பிலும் மீனிலும் இருந்துதான் வரவேண்டும். எலிகளுக்குப் புரதம் குறைந்த தீனி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், கல்லீரலின் கடத்துப் புரதம் உருவாகிற அளவே மாறியது தெரிந்திருக்கிறது.

இந்தப் புரதங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு பரம்பரை நோய்களே சாட்சி. கடத்துப் புரதத்துக்கான மரபணு பழுதான குடும்பங்கள் சில உலகில் உண்டு. அந்தப் பழுது 1995-ல் அடையாளம் காணப்பட்டது. அவர்கள் நம்மைப்போலத்தான் சாப்பிடுகிறார்கள், குடலும் உறிஞ்சுகிறது. ஆனாலும் இரத்தத்தில் வைட்டமின் ஈ நிற்பதில்லை. நடை தள்ளாடி, நரம்பு கெட்டுப்போகிறது. அப்போ-பி துகளையே கட்டமுடியாத இன்னொரு பிறவிக் குறையிலும் இதே கதை. சாப்பாட்டில் வைட்டமினுக்குக் குறைவில்லை, சுமக்கத்தான் ஆளில்லை.

சாப்பாட்டுப் புரதம் குறைவதால் வருகிற கொடுமையான நிலைக்கு குவாஷியார்க்கர் என்று பேர். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930-களில் அன்றைய கோல்டு கோஸ்ட்டில், இன்றைய கானாவில், அதை விவரித்து எழுதினார். தாய்ப்பால் நின்று, வெறும் சோளக்கஞ்சியில் வளர்ந்த பிள்ளைகள். கால் வீங்கும், வயிறு உப்பும், முடி செம்பட்டையாகும். இப்படிப்பட்ட பிள்ளைகளின் இரத்தத்தில் வைட்டமின் ஈ குறைந்திருக்கும். கல்லீரலில் மட்டும் கொழுப்பு தேங்கிக் கிடக்கும். ஏற்றி அனுப்புகிற புரதத்தைக் கல்லீரலால் போதுமான அளவு செய்யமுடியவில்லை என்பதே அதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். கணையத்தின் நொதிகளும் குறைந்துபோவதால் எண்ணெய்ச் சத்து சரியாகச் செரிக்காமல் மலத்தோடு போய்விடுவதும் உண்டு.

சரி, ரசஞ்சோறு சாப்பிடும் யாங்கோன் பாட்டிக்கு குவாஷியார்க்கரா? இல்லை. அவருக்கு இருப்பது அதைவிட எவ்வளவோ லேசான குறை. எலியிலும் கடுமையாக மெலிந்த பிள்ளைகளிடமும் கண்டதை அப்படியே அவர்மேல் ஏற்றிப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் உடம்பின் பாதை ஒன்றுதான். புரதக் குறையை அப்படியே விட்டுவிட்டு மாத்திரையில் காசைப் போடுவது தலைகீழ் வேலை என்பதுதான் என் கட்சி.

தட்டைக் கணக்குப் போடுவது

எடையைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ உள்ள அம்மாவுக்குச் சுமார் 42 கிராம். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது என்று முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதே 50 கிலோவுக்கு 50-லிருந்து 60 கிராம் ஆகிவிடும்.

இப்போது மேலே சொன்ன சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெந்த சோறு ஒரு கோப்பையில் புரதம் சுமார் 4 கிராம். கஞ்சியையும் சேர்த்து நாள் முழுக்க மூன்று கோப்பை சோறு என்றால் 12. ரசத்தில் பேருக்கு. கீரையில் ஒன்றிரண்டு. டீயில் விடுகிற பாலும் பிஸ்கோத்தும் சேர்ந்து இன்னொரு மூன்று. மொத்தம் 17, 18. வேண்டியதோ 50. மிச்சம் எங்கிருந்து வரும்?

நல்ல வேளை, இந்த ஊர் பருப்புக்கும் பயறுக்கும் பஞ்சமில்லாத ஊர். தெய்ஞ்சி சந்தைக்குள் ஒரு நடை போனால் மூட்டை மூட்டையாகத் திறந்து வைத்திருப்பார்கள். நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது.

காலையில் தெருவில் தலையில் தட்டு வைத்துக் கூவிக்கொண்டு வருகிறார்களே, முளைகட்டி அவித்த பட்டாணி, பேபியோ, அதில் ஒரு கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 12 கிராம் புரதம் கிடைக்கும். சமைக்க ஆளில்லை என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. வெந்து, உப்புப் போட்டு, வாசலுக்கே வருகிறது. ஒரு கரண்டி கடலை எண்ணெயில் வெங்காயம் வதக்கிப் போட்டுச் சோற்றோடு பிரட்டினால் காலைச் சாப்பாடு முடிந்தது. எண்ணெய் விடுவதற்கும் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மத்தியானம் ஆளுக்கு 50 கிராம் பருப்பு, வேகவைக்கும் முன் எடைபோட்டது. மைசூர்ப் பருப்பானாலும் துவரையானாலும் 11, 12 கிராம் புரதம் தரும். பருப்பைக் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிட வேண்டும். சாம்பார் என்ற பேரில் மஞ்சள் தண்ணீரில் முருங்கைக்காய் மிதந்தால் கணக்கில் சேராது. சோற்றுப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். இரண்டும் சேர்ந்தால் உடம்பு முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம். புரதம் 7 கிராமுக்கு மேல், கூடவே வைட்டமின் ஈ-யும் 2 மி.கி.க்கு மேல். மூட்டையும் படகும் ஒன்றாக வருகிற பொருள் இது. பல் இல்லாதவர்கள் இடித்துச் சாப்பிடலாம்.

முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முட்டைக்கு 6 கிராம். உள்ளங்கையில் பாதி அளவு மீன் துண்டு ஒன்றில் 12 கிராம் போல. கடையில் சாப்பிடுகிறவர்கள் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் வாங்கினால் முட்டை போடச் சொல்லுங்கள். மீனும் கடலைமாவும் ஏற்கெனவே குழம்பில் இருப்பதால் அது மோசமான காலைச் சாப்பாடு இல்லை. ஙாப்பியை, அதாவது உப்புப் போட்டுப் புளிக்கவைத்த மீன் விழுதை, புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். சத்து இருக்கிறது, சரி, ஆனால் உப்புக்காகவே அதை விரல்நுனி அளவுக்குமேல் சாப்பிட முடியாது. ஷான் தோஃபுவைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. கடையில் தோஃபு என்று கேட்டவுடன் சோயாக் கட்டியின் கணக்கைப் போட்டுக்கொள்கிறார்கள். ஷான் தோஃபு கடலைமாவைத் தண்ணீரில் கரைத்துக் கிளறி உறையவைப்பது. ருசியான பண்டம், ஆனால் தண்ணீர்தான் அதிகம். 100 கிராமில் 4 கிராம் புரதம் இருந்தால் பெரிது.

இன்னொன்று. சோற்றையும் எண்ணெயையும் வெட்டிவிட்டு வெறும் பருப்பு மட்டும் சாப்பிடுவதால் பலனில்லை. மொத்தச் சாப்பாடு குறைந்து உடம்புக்கு எரிபொருள் போதாமல் போனால், வருகிற புரதத்தை எடுத்து எரித்துவிடும். கட்டுமான வேலைக்கு மிஞ்சாது. இளைக்கிறேன் என்று பட்டினி கிடக்கிற பெண்பிள்ளைகள், முடி கொட்டுகிறது என்று வைட்டமின் ஈ கேட்டு வருவது இந்தக் கணக்கில்தான்.

வாயுத் தொல்லைக்கு என் யோசனை: பாசிப்பருப்பில் ஆரம்பியுங்கள். கொண்டைக்கடலை, பட்டாணி என்றால் இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். முதல் வாரம் இரண்டு கரண்டி, அப்புறம் நான்கு என்று ஏற்றிக்கொண்டு போங்கள். பெருங்காயம் உங்கள் விருப்பம்.

விரதகாலத்தில்

நம் ஊரில் தீமிதிக்கும் காவடிக்கும் விரதம் இருக்கிறார்கள், புரட்டாசிச் சனிக்கு இருக்கிறார்கள், மாலை போட்டு ஒரு மண்டலம் இருக்கிறவர்களும் உண்டு. விரதத்தை நான் குறைசொல்ல மாட்டேன், என் வீட்டிலும் உண்டு. ஆனால் மீன், முட்டையை நிறுத்துகிறவர்கள் அந்த இடத்தில் எதையும் வைப்பதில்லை. சோறு, ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு. ஒருவேளை உண்பவர்கள் என்றால் இன்னும் மோசம். சைவத்தில் புரதம் இல்லை என்று யார் சொன்னது? காய்கறி மட்டும்தான் சைவம் என்று நாமாகக் குறுக்கிக்கொண்டோம்.

ஒருவேளைதான் சாப்பாடு என்றால் அந்த ஒருவேளையில் கெட்டிப் பருப்பும், சுண்டலும், தயிரும் இருக்கட்டும். மாலையில் பாலோ, பாலில் வேகவைத்த பாசிப்பருப்புப் பாயசமோ எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் நியமம் இடம்கொடுத்தால் விடாதீர்கள். பிரசாதச் சுண்டலை ஒரு பிடி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நாலே நாலு வாயில் போட்டு மிச்சத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொள்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரக்கும். அன்றைக்கு அவர்கள் தட்டுக்கு வந்த நல்ல புரதமே அதுதான்.

அன்னதானம் செய்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு தருகிறேன். இங்கே ஒரு வீசை என்பது சுமார் 1,630 கிராம். ஆளுக்கு 50 கிராம் பருப்பு என்று வைத்தால் அரை வீசையில் 16 பேர். நூறு பேருக்கு மூன்று வீசைக்குக் கொஞ்சம் கூட. இதைவிடக் குறைத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றி நீட்டினால் புண்ணியம் எப்படியோ, புரதம் நீளாது.

எண்ணெய்

இந்த ஊர்ச் சமையலில் எண்ணெய்க்குக் குறைவே இல்லை. பர்மியக் கறியில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால்தான் வெந்ததாக அர்த்தம். ஆகவே மூட்டைப் பக்கம் பெரிய கவலை வேண்டாம், எந்த எண்ணெய் என்று மட்டும் பார்த்தால் போதும்.

கடலை எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் ஆல்ஃபா-டோக்கோஃபெரால் சுமார் 2 மி.கி. பாமாயிலிலும் ஏறக்குறைய அவ்வளவே. சூரியகாந்தி எண்ணெயில் 5 மி.கி.க்கு மேல். நல்லெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் காமா வடிவம்; கல்லீரல் ஆல்ஃபாவைத்தான் பொறுக்கும் என்று முன்பே சொன்னேன், எனவே இந்தக் கணக்கில் நல்லெண்ணெய்க்கு மதிப்பெண் குறைவு. வேறு நல்ல குணங்கள் அதற்கு உண்டு, விட்டுவிடாதீர்கள். தேங்காய் எண்ணெயில் வைட்டமின் ஈ இல்லை என்றே சொல்லலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்துப்போன பஜ்ஜி எண்ணெயிலும் எதிர்பார்க்காதீர்கள், சூட்டில் அழிந்துவிடும்.

பெரியவர்களுக்கு அமெரிக்காவில் வகுத்திருக்கும் அளவு நாளைக்கு 15 மி.கி. டீக்கடையில் உட்கார்ந்து கொறிக்கிறோமே, சூரியகாந்தி விதை, அதில் தோல் நீக்கிய பருப்பு 30 கிராம் சாப்பிட்டாலே அதில் பாதிக்குமேல் வந்துவிடும். புரதமும் 6 கிராம் போல. ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்யக்கூடிய சிகிச்சை வேறெங்கே கிடைக்கும்?

காலைப் பேபியோவில் எண்ணெய் விடச் சொன்னதற்கும் இதுதான் காரணம். கொழுப்பு துளியும் இல்லாத சாப்பாட்டில் பித்தநீர் சரியாகச் சுரக்காது, கைலோமைக்ரான் துகளும் போதுமான அளவு உருவாகாது. ஒரு கரண்டி எண்ணெய் போதும்.

மாத்திரை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால்

மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் வாங்குங்கள். வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். டி-ஆல்ஃபா என்று போட்டிருந்தால் இயற்கை வடிவம், டிஎல்-ஆல்ஃபா என்றால் ஆலையில் செய்தது. ஆலையில் செய்ததில் பாதி மூலக்கூறுகளைக் கல்லீரலின் கடத்துப் புரதம் சரியாகப் பிடித்துக்கொள்ளாது, அவை சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால்தான் 400 யூனிட் என்று ஒரே எண் போட்டிருந்தாலும் இயற்கை வடிவத்தில் அது 268 மி.கி.க்குச் சமம், செயற்கையில் 180 மி.கி.க்குத்தான் சமம். இரண்டில் எதுவானாலும் நாள் தேவையைப்போல் பத்து மடங்குக்கு மேல் என்பதையும் கவனியுங்கள். பெரியவர்களுக்கு உச்ச வரம்பு நாளைக்கு 1,000 மி.கி. மருத்துவர் சொல்லாமல் அதைத் தொட்டுப் பார்க்கவேண்டிய அவசியம் யாருக்கும் கிடையாது.

அசிடேட் என்றும் பின்னால் ஒட்டியிருக்கும். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது அது. குடலில் கணைய நொதி அதைக் கழற்றிய பிறகுதான் வைட்டமின் உள்ளே போகும். ஆக இங்கேயும் புரதத்தின் தயவு வேண்டியிருக்கிறது.

வெறும் வயிற்றில், காலை டீயோடு விழுங்காதீர்கள். பருப்பும் எண்ணெயும் உள்ள மத்தியானச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். குத்தி உடைத்து முகத்தில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும், அவ்வளவுதான் அதைப்பற்றி எனக்குச் சொல்ல இருப்பது.

"கொஞ்சம் கூடப் போட்டா என்ன கெடுதல், வைட்டமின்தானே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000 பேருக்குமேல் ஆண்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் வந்தது என்று 2011-ல் முடிவு வெளியானது. குறை இல்லாதவர்கள் சும்மா சாப்பிடவேண்டிய பொருள் இல்லை இது.

மாத்திரையை மட்டும் கொடுத்தால் புரதப் பஞ்சம் தீருமா என்பதற்கும் ஒரு சோதனையை நினைவுபடுத்தலாம். ஆப்பிரிக்காவின் மலாவியில் சின்னப் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஈ, செலினியம் முதலானவற்றைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். குவாஷியார்க்கர் வருவது அதனால் குறையவில்லை என்று 2005-ல் எழுதினார்கள். இது கடத்துப் புரதத்தைச் சோதித்த ஆய்வு அல்ல. ஆனாலும் ஒரு அட்டை மாத்திரையில் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

இந்த வழி யாருக்குப் பொருந்தாது

சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் என் பேச்சைக் கேட்டுப் பருப்பை ஏற்றிவிடாதீர்கள். உங்களுக்குப் புரத அளவை மருத்துவர்தான் சொல்லவேண்டும். மஞ்சள் காமாலை, பித்தநாள அடைப்பு, குடித்துக் கெட்ட கல்லீரல் உள்ளவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் எவ்வளவு வைட்டமின் ஈ சாப்பிட்டாலும் உறிஞ்சப்படாது.

கால் வீங்கி, அழுத்தினால் குழி விழுகிறதா? அது புரதக் குறையாக இருக்கலாம், இதயமோ சிறுநீரகமோ ஆகவும் இருக்கலாம். கடைக்கு வராமல் மருத்துவரிடம் போங்கள். சின்னப் பிள்ளைக்குக் கால் வீக்கமும் முடி நிறமாற்றமும் சேர்ந்து தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை. வீட்டில் உட்கார்ந்து முட்டையும் பருப்பும் ஊட்டித் தேற்றப் பார்க்காதீர்கள். அந்த நிலையில் கல்லீரல் திடீர்ப் புரதத்தைத் தாங்காது என்பதால் மருத்துவமனையிலேயே முதல் சில நாள் புரதம் குறைந்த பாலைச் சிறிது சிறிதாகக் கொடுத்துத்தான் தொடங்குவார்கள். பால்குடி மறக்கிற நல்ல பிள்ளைக்கு, அந்த நிலைக்கு வராமலே இருக்க, வெறும் கஞ்சித்தண்ணீருக்குப் பதிலாகக் குழைந்த சோறும் பாசிப்பருப்பும் அரைக்கரண்டி எண்ணெயும், ஒத்துக்கொண்டால் முட்டையும் கொடுங்கள்.

கை கால் மரத்துப்போவது, இருட்டில் நடக்கும்போது தள்ளாடுவது இரண்டும் வைட்டமின் ஈ குறையில் வரக்கூடியவைதான். ஆனால் சர்க்கரை நோயிலும், பி 12 குறைவிலும் வரும். நம் ஊரில் அவைதான் முதலில் சந்தேகிக்க வேண்டியவை. வைட்டமின் ஈ-க்கு இரத்தம் எடுத்தால் கொழுப்பு அளவையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். சுமக்கிற கொழுப்புத் துகள் குறைந்தவர்களுக்கு வைட்டமின் எண்ணும் குறைவாகத்தான் காட்டும், கொழுப்பு கூடியவர்களுக்குக் குறையை மறைத்துக் காட்டும். இரத்தத்தின் மொத்தக் கொழுப்பு ஒரு கிராமுக்கு வைட்டமின் ஈ 0.8 மி.கி.க்குக் கீழே போனால்தான் குறை என்று எடுத்துக்கொள்வார்கள். இரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தின் எண்ணை மட்டும் வைத்துப் புரதம் போதவில்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தாலும் அது இறங்கும்.

கடைசியாக, வார்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். வைட்டமின் ஈ அதிக அளவில் சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடும். அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருப்பவர்களும் சாப்பிடுகிறோம் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். என் கடைக்கோ வேறு கடைக்கோ வைட்டமின் ஈ வாங்கப் போகும்போது, சாப்பிடுகிற எல்லா மருந்தின் சீட்டையும், முந்தின நாள் மூன்று வேளையும் சாப்பிட்டதை ஒரு துண்டுத் தாளில் எழுதியும் எடுத்துக்கொண்டு போங்கள்.